முயலுக்கும் ஒரு திராட்சை
கதைத் திண்ணை: வாசகர் கேள்வி பதில்

(பதில் சொல்பவர் வடசென்னை அரசுப் பள்ளியில் தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். திருவொற்றியூரில் பிள்ளைகளுக்குக் கதை சொல்லி வருகிறார்.)

கேள்வி: டீச்சர், என் மகள் மூன்றாம் வகுப்பு. சிங்கத்தைக் கிணற்றுக்கு அழைத்துப்போய் அதன் நிழலையே காட்டி ஏமாற்றிய முயல் கதை என்றால் அவளுக்கு உயிர். அந்த முயல் படத்தைப் புத்தகத்திலிருந்து வெட்டி, பூஜை அலமாரியில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டாள். காலையில் அதற்கு ஒரு திராட்சை வைத்து, "இன்னைக்குக் கணக்கு டெஸ்ட், கூட வா" என்கிறாள். மாமியாருக்குக் கோபம். "சாமியையும் பொம்மையையும் ஒண்ணாக்குறா, இவளுக்கு எப்படி பக்தி வரும்?" என்கிறார். படத்தை எடுத்துவிடவா?
(ஒரு தாய், காலடிப்பேட்டை)

பதில்: கிழித்து மட்டும் எறிந்துவிடாதீர்கள் அம்மா. உங்கள் மகள் என்ன கேட்டாள் என்று பாருங்கள். நூற்றுக்கு நூறு வாங்கிக் கொடு என்று கேட்கவில்லை. கூட வா என்றாள். கேட்பதற்கு முன்னால் தனக்குப் பிடித்த பழத்தில் ஒன்றை எடுத்து வைத்தாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் திருவொற்றியூர் கோயிலில் வடிவுடையம்மன் சன்னதியில் நின்று பாருங்கள். அங்கே பாதிப் பேர் வாய்க்குள் முணுமுணுப்பதும் இதைத்தான்.

நம் ஊரில் சாமியை அப்பா என்றோம், தோழன் என்றோம், குழந்தை என்றும் கொஞ்சினோம். கண்ணனோடு விளையாட வா என்று நிலாவையே கூப்பிட்டவர் பெரியாழ்வார். உலகத்தைக் காக்கிற பெருமாளுக்கே கண்பட்டுவிடுமோ என்று பயந்து பல்லாண்டு பாடியவரும் அவர்தான். அதற்குப் பின்னால் பிள்ளைத்தமிழ் என்று ஓர் இலக்கிய வகையே வளர்ந்தது. பத்துப் பருவம், அதில் அம்புலியைக் கூப்பிடுவதும் ஒரு பருவம். முருகனுக்கும் மீனாட்சிக்கும் பாடினார்கள். அப்புறம் நபிகள் நாயகத்துக்கும் இயேசுவுக்கும்கூடப் பாடினார்கள். கடவுளைத் தொட்டிலில் போட்டுத் தாலாட்டிய மொழியில் பிறந்த பெண், ஒரு முயலிடம் பேசுவதைப் பார்த்து நாம் பதற வேண்டியதில்லை.

வள்ளலார் கதையை மகளுக்குச் சொல்லியிருக்கிறீர்களா? ஏழுகிணறு வீராசாமித் தெருவில் அண்ணன் வீட்டில் இருந்த பிள்ளை. திருவொற்றியூருக்கு நடந்தே வந்து அம்மனைப் பார்த்துவிட்டு நடந்தே திரும்புவார். ஒரு ராத்திரி நேரமாகிவிட்டது. கதவைத் தட்டி எழுப்ப மனசு வராமல் பசியோடு திண்ணையிலேயே படுத்துவிட்டார். அண்ணி வந்து சோறு போட்டார். சாப்பிட்டுப் படுத்த பிறகு உண்மையான அண்ணி வந்து, "சாப்பிட வா" என்று எழுப்பினார். முதலில் சோறு கொண்டுவந்தது வடிவுடையம்மன் என்று சொல்கிறார்கள். இந்த இடத்தில் பிள்ளைகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். நான் இதோடு நிறுத்த மாட்டேன். பசியோடு படுத்த அந்தப் பிள்ளை வளர்ந்து 1867இல் வடலூரில் தருமச்சாலை தொடங்கி ஊருக்கெல்லாம் சோறு போட்டார், அந்த அடுப்பு இன்றுவரை எரிகிறது என்று சொல்லித்தான் முடிப்பேன்.

முயல் கதையிலும் அப்படி ஒரு பகுதி இருக்கிறது. தினம் ஒரு மிருகம் சிங்கத்துக்கு இரையாகப் போக வேண்டும் என்பது காட்டில் ஒப்பந்தம். முயல் தன் முறைக்குப் போனது, ஆனால் எல்லோருக்குமாகச் சேர்த்து யோசித்துக்கொண்டு போனது. "உன் முயல் காட்டுக்கே உதவி செஞ்சுதே, உன் வகுப்பில் யாருக்கு உதவி வேணும்?" என்று ஒரு நாள் மகளிடம் கேட்டுப் பாருங்கள்.

மாமியார் மனசையும் நோகவிடாதீர்கள். பூஜை அலமாரி அவர் பல வருஷமாகத் துடைத்துப் பொட்டு வைத்த இடம். படத்தை ஓர் அட்டையில் ஒட்டி, மகள் படிக்கும் இடத்தில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். திராட்சையும் அங்கேயே வைக்கட்டும். முருகன் மயிலில் உலகம் சுற்றக் கிளம்பிய கதையைப் பாட்டி வாயால் சொல்லச் சொல்லுங்கள். முயலை நேசித்த மாதிரியே முருகனையும் நேசிக்க அவளுக்குக் கதை வேண்டும். அதைப் பாட்டிதான் கொடுக்க முடியும்.

கேள்வி: நாங்கள் ராயபுரம் புனித பேதுரு ஆலயப் பங்கைச் சேர்ந்தவர்கள். என் மகன் அடுத்த வருடம் புதுநன்மை (முதல் நற்கருணை) வாங்கப் போகிறான். நார்னியா கதைகளில் வரும் அஸ்லான் என்ற சிங்கத்தை இயேசுவைவிட அதிகமாகப் பிடிக்கிறது என்று சொல்லி அழுகிறான். அது பாவமா என்று கேட்கிறான்.
(ஒரு தாய், ராயபுரம்)

பதில்: உங்கள் மகன் தனியாக இல்லை. அச்சு அசலாக இதே பயம் அமெரிக்காவில் ஒன்பது வயதுப் பையன் ஒருவனுக்கு வந்தது. அவன் அம்மா கதாசிரியருக்கே எழுதிக் கேட்டார். சி.எஸ். லூயிஸ் 1955 மே மாதத்தில் பதில் எழுதினார். அஸ்லான் செய்தவற்றுக்காகவும் சொன்னவற்றுக்காகவும்தானே பையன் அதை நேசிக்கிறான், அவை எல்லாம் இயேசு உண்மையில் செய்ததும் சொன்னதும்தான், அதனால் அஸ்லானை நேசிக்கிறோம் என்று அவன் நினைக்கும்போது இயேசுவைத்தான் நேசிக்கிறான் என்பது அந்தப் பதிலின் சாரம். சிங்கத்தின் உருவம் பையனுக்குக் கூடுதலாகப் பிடித்தால் அதிலும் கவலைப்பட ஒன்றுமில்லை, சிறுவனின் கற்பனை எப்படி வேலை செய்யும் என்பது அதைப் படைத்தவருக்குத் தெரியாதா என்றும் எழுதினார்.

எனக்கு மிகவும் பிடித்தது அதற்கு அடுத்த பகுதி. பையனுக்காக ஒரு ஜெபமும் எழுதிக் கொடுத்தார். இந்த எண்ணம் கெட்டது என்றால் எடுத்துவிடும், கெட்டதில்லை என்றால் இந்தக் கவலையை எடுத்துவிடும் என்று கேட்கும் ஜெபம். கூடவே, தன் புத்தகங்களால் வேறு குழந்தைகள் யாராவது கலங்கியிருந்தால் கடவுள் தன்னை மன்னிக்கட்டும் என்றும் அதில் வேண்டிக்கொள்ளச் சொன்னார். பேர்பெற்ற எழுத்தாளர், ஒரு சின்னப் பையனிடம் தனக்காக ஜெபிக்கச் சொல்கிறார். இதை மகனிடம் அப்படியே சொல்லுங்கள், அழுகை நிற்கும். பங்குச் சாமியாரிடமும் ஒரு வார்த்தை பேசிவிடுங்கள். பையனைப் பயமுறுத்தாமல் அவர் சொல்லும் ஒரு வார்த்தை, நான் எழுதும் பக்கத்தைவிட உதவும்.

கேள்வி: நான் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சாமி நம்பிக்கை கிடையாது. சின்ன வயதில் மாதம் பிறந்தால் அம்புலிமாமாவுக்காகக் கடை வாசலில் நிற்பேன். இன்றைக்கும் வேதாளம் கதை கையில் கிடைத்தால் விடமாட்டேன். மனைவி வெள்ளி தவறாமல் கோயிலுக்குப் போகிறவர். "உங்களுக்கு விக்கிரமாதித்தன்தான் சாமி" என்கிறார். அவர் பக்திக்கும் என் ஆசைக்கும் என்னதான் வித்தியாசம்?
(ஒரு வாசகர், தண்டையார்பேட்டை)

பதில்: ஐயா, உங்கள் வீட்டம்மா சொன்னதில் விஷயம் இருக்கிறது. 1947 ஜூலையில் தொடங்கிய பத்திரிகை அது. தோளில் வேதாளம், கையில் வாள், சுற்றிலும் சுடுகாடு என்று ஓவியர் சங்கர் வரைந்த அந்த ராஜாவை நம் தலைமுறையில் யாரும் மறக்கவில்லை. அந்த ராஜாவிடம் உங்களுக்கு என்ன பிடித்தது? ஒரு பிட்சுவுக்குக் கொடுத்த வாக்குக்காக, வேதாளம் நழுவிப்போகும் ஒவ்வொரு தடவையும் திரும்பவும் அந்த மரத்துக்கே போனான். போதும் என்று அரண்மனைக்குத் திரும்பவில்லை. வெள்ளி தவறாமல் போகும் உங்கள் மனைவியிடமும் இருப்பது அந்தக் குணம்தான்.

வித்தியாசமும் இருக்கிறது. விக்கிரமாதித்தன் உங்களிடம் எதுவும் கேட்டதில்லை. புத்தகத்தை மூடி வைத்தால் அடுத்த மாதம் வரை காத்திருப்பான். சாமி கேட்கும். பொழுது சாய்ந்தால் விளக்கு ஏற்றியாக வேண்டும், கையில் காசு இருந்தாலும் இல்லாவிட்டாலும். திருவொற்றியூரில் இருந்த கலிய நாயனார் கதை இதுதான். செக்கு ஓட்டும் குடும்பம், செல்வம் இருந்தவரை கோயிலுக்குள்ளும் வெளியிலும் விளக்கு ஏற்றினார். செல்வம் போனதும் கூலிக்குச் செக்காட்டி ஏற்றினார். அந்த வேலையும் போனது. வீட்டை விற்றார். கடைசியில் எண்ணெய்க்குப் பதிலாகத் தன் ரத்தத்தை ஊற்றக் கழுத்தில் கத்தியை வைத்தபோது சிவபெருமான் கையைப் பிடித்தார் என்கிறது பெரியபுராணம்.

நடுவில் மனைவியை விற்கவும் முயன்றார் என்று வருகிறது. சின்னப் பிள்ளைகளுக்கு அதைச் சொல்வதில்லை. பெரிய பிள்ளைகளுக்குச் சொல்வேன், சொல்லிவிட்டு, "அந்த அம்மா என்ன நினைத்திருப்பாள்?" என்று கேட்பேன். தன்னிடம் இருப்பதைக் கொடுப்பது பக்தி. அடுத்தவர் உயிரை எடுத்துக் கொடுக்க யாருக்கும் உரிமை கிடையாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை, சொன்னது புராணமாகவே இருந்தாலும்.

நம்பிக்கையை வரவழைத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்லமாட்டேன். திருவொற்றியூர் மாசித் திருவிழாவில் மகிழடி சேவைக்கு ஒரு தடவை மனைவியோடு வாருங்கள். சுந்தரர் கதையை நினைவுகூரும் விழா அது. இங்கே மணக்க விரும்பிய சங்கிலியாரைப் பிரியமாட்டேன் என்று சுந்தரர் சத்தியம் செய்ய வேண்டியிருந்தது. சன்னதியில் பொய்ச்சத்தியம் செய்துவிடலாம், அதுவரை நீ மகிழ மரத்தடிக்குப் போய்விடு என்று தன் தோழனான சிவனிடமே ஏற்பாடு செய்தார். சிவனோ சங்கிலியார் கனவில் போய், "மரத்தடியில் சத்தியம் வாங்கு" என்று சொல்லிவிட்டார். சத்தியத்தை மீறி ஒற்றியூர் எல்லையைத் தாண்டியதும் சுந்தரருக்குக் கண் போனது. கண்ணைக் கேட்டு அவர் பாடிய பாட்டில் கெஞ்சலும் இருக்கும், சண்டையும் இருக்கும். வேதாளம் கதையை விடாதவருக்கு இது கட்டாயம் பிடிக்கும். எண்ணெய்ப் பாட்டிலை வீட்டம்மா கையிலிருந்து வாங்கி நீங்கள் தூக்கி வாருங்கள், அது போதும்.

கேள்வி: ஆயிரம் முகத்தோடு வந்த காளியைப் பார்த்துத் தெனாலிராமன் சிரித்தான் என்று பிள்ளைகளுக்குச் சொல்லலாமா? தெய்வத்தைக் கேலி செய்வதாகாதா?
(ஒரு தகப்பன், பழைய வண்ணாரப்பேட்டை)

பதில்: தாராளமாகச் சொல்லுங்கள். ஒரு மூக்குக்குச் சளி பிடித்தாலே துடைத்து முடியவில்லையே, ஆயிரம் மூக்குக்கு என்ன செய்வாய் தாயே என்று கேட்டவன் அவளை விட்டு ஓடவில்லை. அவளும் அவனை விகடகவி ஆக்கித்தான் அனுப்பினாள். பயம் போன பிறகுதான் பிள்ளைக்குச் சாமியிடம் பேச வாய் வரும். தம்புச் செட்டித் தெரு காளிகாம்பாள் கோயில் உங்களுக்குப் பக்கம்தான். சுதேசமித்திரன் பத்திரிகையில் வேலை பார்த்த காலத்தில் பாரதியார் வந்து கும்பிட்ட கோயில். கூட்டம் குறைந்த நேரமாகப் பிள்ளைகளைக் கூட்டிப்போய், கும்பிட்டு முடித்ததும் பிரகாரத்தில் உட்காரவைத்து இந்தக் கதையைச் சொல்லுங்கள். சிரித்தால் அதட்ட வேண்டாம்.