குளத்து லைற்றுக்காகத் தண்ணீரை இறைக்க வேண்டுமா?

கேள்வி: ஒன்ராறியோவின் மார்க்கம் நகரில் போன வருடம் வீடு வாங்கினோம். பின்வளவில், வைனில் (vinyl) என்ற பிளாஸ்ரிக் விரிப்புப் போட்ட நீச்சல் குளம். தண்ணீருக்குள் இருக்கும் லைற்றின் கண்ணாடிக்குள் பாதிக்குத் தண்ணீர் நிற்கிறது. சுவிச்சைப் போட்டதும் பிரேக்கர் விழுகிறது. பார்க்க வந்தவர், குளத்தை இறைத்து வைனிலையும் மாற்ற வேண்டும் என்கிறார். என் கணவரோ தானே கழற்றிப் பார்க்கிறேன் என்கிறார். என்ன செய்யலாம்?
- வாசகி, மார்க்கம்

பதில்: சகோதரி, முதலில் பிரேக்கரை நிறுத்தி, யாரும் திரும்பப் போடாதபடி அதன்மேல் ரேப் ஒட்டுங்கள். லைற் சரியாகும் வரை பிள்ளைகளைக் குளத்தில் இறக்க வேண்டாம். கரன்ட் கசிவதைக் கண்டுதான் பிரேக்கர் விழுகிறது. அதை மாற்றிப் பார்ப்போம் என்று யாராவது சொன்னால் விடாதீர்கள்.

தண்ணீரை இறைக்கத் தேவையே இல்லை. வைனில் ஒரு மில்லிமீற்றர்கூடத் தடிப்பில்லாத விரிப்பு. தண்ணீரின் பாரம்தான் அதைச் சுவரோடு அழுத்தி வைத்திருக்கிறது. இறைத்தால் பழைய வைனில் சுருங்கிவிடும், திரும்ப நிரப்பும்போது மூலைகளில் கிழியலாம். பனி உருகும் காலத்தில் நிலத்தடி நீர் ஏறியிருந்தால் விரிப்பு அடியிலிருந்தே மிதந்து எழும்பும். ஒரு லைற்றுக்காக நல்ல குளத்தைப் பாழாக்கிய வீடுகளைப் பார்த்து வயிறெரிந்திருக்கிறேன்.

லைற் சுவரில் பதித்த கிண்ணம் ஒன்றுக்குள் இருக்கிறது. அதைக் கரைக்கு எடுக்கப் போதுமான வயரை உள்ளேயே சுருட்டி விட்டிருப்பார்கள். லைற்றின் உச்சியில், மணிக்கூட்டில் பன்னிரண்டு இருக்கும் இடத்தில், ஒரே ஒரு திருகாணி. கரையில் குப்புறப் படுத்தால் பெரும்பாலும் கைக்கு எட்டும். ஸ்குரூ ட்ரைவரை நூலால் மணிக்கட்டில் கட்டிக்கொள்ளச் சொல்லுங்கள், நழுவி விழுந்தால் வைனிலைக் குத்திவிடும். திருகாணி கழன்றதும் மேல்பக்கத்தை முன்னால் இழுத்து, கீழே உள்ள கொக்கியை விடுவித்தால் லைற் வந்துவிடும். அதன் விளிம்பு கூராக இருக்கும், கரையில் ஒரு துவாயை விரித்து வையுங்கள்.

கிண்ணத்தைச் சுற்றி வட்டமாக வேறு திருகாணிகளும் தெரியும். அவற்றைத் தொடவே கூடாது. வைனிலை நெரித்துப் பிடிக்கும் வளையம் அவற்றில்தான் நிற்கிறது. தளர்த்தினால் தண்ணீர் விரிப்புக்குப் பின்னால் இறங்கத் தொடங்கும்.

உங்கள் கணவர் இவ்வளவும் செய்யலாம். இதற்கு மேல் வேண்டாம். வெறும் மின்குமிழ் போயிருந்தால் குமிழையும் றப்பர் வளையத்தையும் மாற்றினால் போதும். உங்களுடையதில் தண்ணீர் புகுந்து கசிவும் இருப்பதால் லைற்றை வயரோடு முழுதாக மாற்றுவதுதான் சரி. கிண்ணத்திலிருந்து வயர் போகும் குழாய்க்குள் இடையில் இணைப்புப் போடக் கூடாது. வயர் 30, 50, 100 அடி நீளங்களில் கிடைக்கும், அது போய் முடியும் இணைப்புப் பெட்டி வரை அளந்த பிறகு வாங்குங்கள். பழைய வயரில் ஒரு கயிற்றைக் கட்டி உருவி, அந்தக் கயிற்றாலேயே புதியதை இழுத்தெடுப்பார்கள். குழாயின் வாயைத் திரும்ப அடைத்தார்களா என்று கேளுங்கள், அவ்வழியாகவும் குளத்துத் தண்ணீர் போகும்.

ஒன்ராறியோவில் கூலிக்கு இந்த வேலை செய்பவர் உரிமம் பெற்ற மின் ஒப்பந்தக்காரராக இருக்க வேண்டும். மின்பாதுகாப்பு அதிகார சபைக்கு அவர் அறிவிக்கிறாரா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

அப்புறம், பழைய லைற்றின் லேபிளைப் படமெடுத்து வையுங்கள். 12 வோல்ற்றா 120 வோல்ற்றா, எந்தக் கிண்ணத்துக்கு உரியது என்று தெரியாமல் எல்ஈடி லைற் வாங்க வேண்டாம்.