பின்கதவின் சாவி யாரிடம்?

கேள்வி: எங்கள் பனியன் கம்பெனியில் தரைத்தளம் துணி குடோன். மேலே இரண்டு தளங்களிலும் தையல், தளத்துக்கு 150 பேர். படிக்கட்டு இரண்டு உண்டு. சரக்கு திருட்டுப் போவதால் பின்படிக்கட்டின் கதவைப் பூட்டி, சாவியை செக்யூரிட்டியிடம் கொடுத்திருக்கிறோம். தீ மாதிரி அவசரத்துக்கு அவர் வந்து திறந்தால் போதாதா?
- வாசகர், திருப்பூர்

பதில்: போதாது. ஒரு மீட்டர் அகலப் படிக்கட்டில் நிமிடத்துக்கு 60 பேர் இறங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். 300 பேருக்கு ஐந்து நிமிடம் ஆகும். அதுவும் யாரும் தடுக்கி விழாமல் இருந்தால். துணி ரோல் பற்றினால் அதற்குள் புகை படிக்கட்டு வழியே மேலேறிவிடும், அந்த இடம் புகைபோக்கியாகவே மாறிவிடும். சாவியோடு வருகிறவரோ இறங்கும் கூட்டத்தை எதிர்த்து ஏற வேண்டும்.

2012 நவம்பர் 24 அன்று டாக்காவுக்கு அருகே ஆஷுலியாவில் தஸ்ரீன் ஆடைத் தொழிற்சாலையில் குறைந்தது 112 பேர் இறந்தார்கள். தீ பிடித்தது தரைத்தளச் சரக்கில். படிக்கட்டுகள் எல்லாம் அந்தத் தளத்தில்தான் வந்து இறங்கின. அலாரம் அடித்தபின்னும் சிலரை மெஷினுக்குத் திரும்பிப் போகச் சொன்னார்கள். உங்கள் கட்டட அமைப்பும் அதுவேதான் என்பதால் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

பூட்டை எடுத்துவிட்டு, உள்ளிருந்து இடுப்பால் தள்ளினாலே திறக்கும் பேனிக் பார் பொருத்துங்கள். வெளியிலிருந்து யாராலும் திறக்க முடியாது. திறந்தால் மணி அடிக்கும்படி வைத்தால் திருட்டுப் பயமும் தீரும். கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். உள்பக்கம் திறப்பதாக இருந்தால், பின்னால் நெருக்குகிற கூட்டமே அதைத் திறக்கவிடாது. குடோனுக்கும் படிக்கட்டுக்கும் நடுவே சுவரும், தானாக மூடிக்கொள்ளும் தீத்தடுப்புக் கதவும் தேவை. அந்தக் கதவுக்கு பண்டலை முட்டுக் கொடுத்து திறந்தே வைத்தால் செலவழித்ததெல்லாம் வீண்.

ஷிப்மென்ட் நாளில் மாலை ஐந்து மணிக்குப் பின்படிக்கட்டின் கீழே நின்று பாருங்கள். முதல் திருப்பத்தில் அட்டைப்பெட்டி, அடுத்ததில் கட்டிங் வேஸ்ட் மூட்டை, கைப்பிடியில் ஒரு துடைப்பம். வழி அடைபடுவது பெரும்பாலும் இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான். தினமும் இரண்டு வேளை அதை நடந்து பார்க்கும் பொறுப்பை ஒரே ஆளிடம் கொடுங்கள்.

கேள்வி: தீ ஒத்திகையின்போது வெளியே வந்தவர்களை எண்ணினால் ஒவ்வொரு முறையும் பத்துப் பன்னிரண்டு பேர் குறைகிறார்கள். வருகைப்பதிவு மெஷினில் சரியாகத்தானே இருக்கிறது?
- வாசகி, ஈரோடு

பதில்: காலையில் விரல் வைத்தவர் எத்தனை பேர் என்பதுதான் மெஷினுக்குத் தெரியும். ஒருவர் பாஸ் வாங்கி வெளியே போனதும், டைலரைப் பக்கத்து லைனுக்கு மாற்றியதும் அதற்குத் தெரியாது. லோடு ஏற்ற வந்தவர், லாரி டிரைவர் ஆகியோர் அதில் இல்லவே இல்லை. கரண்ட் போனால் மெஷினும் இல்லை. அதனால் லைனில் இருப்பவர்களின் பெயரோடு லைனுக்கு ஓர் அட்டை போடுங்கள். காலையிலும் சாப்பாட்டுக்குப் பிறகும் சூப்பர்வைசர் அதைத் திருத்தி, பென்சிலோடு வெளியேறும் கதவருகே ஆணியில் மாட்டட்டும். வெளியே போகும்போது கழற்றிக்கொண்டு போகட்டும். வெளியாட்களின் பெயர் கேட்டில் உள்ள நோட்டில் இருக்க வேண்டும்.

தளத்துக்கு இரண்டு பேர் கடைசியாகக் கிளம்ப வேண்டும். ஒருவர் கழிப்பறை, ஓய்வறை, குழந்தைகள் அறையைப் பார்த்துக் கதவைச் சாத்தி, பார்த்தாயிற்று என்பதற்கு அதில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவிட்டு வரட்டும். மற்றவர் படியிறங்க முடியாதவருக்குத் துணை. கர்ப்பிணிகள், கால் முடியாதவர்கள் யார் யார் என்பதை முன்கூட்டியே தெரிந்து வைத்திருக்க வேண்டும். லிஃப்ட் வேண்டாம். ஆள் குறைந்தால் ‘இன்னார், கடைசியாகப் பார்த்தது இந்த இடத்தில்’ என்று தீயணைப்பு வீரர்களிடம் சொல்லுங்கள். தேடப்போகிறேன் என்று யாரும் திரும்ப உள்ளே நுழையக் கூடாது. இதில் கண்டிப்பாக இருங்கள். கூடும் இடம் கேட்டுக்கு நேராக இருக்க வேண்டாம், தீயணைப்பு வண்டி அங்கேதான் நுழையும்.

கேள்வி: பாதிப் பேர் ஒடிசாவிலிருந்து வந்தவர்கள். மைக்கில் சொன்னால் புரியுமா?
- வாசகர், பல்லடம்

பதில்: மெஷின் இரைச்சலில் தமிழர்களுக்கே புரியாது. ஷிஃப்ட் மணியிலிருந்து வேறுபட்ட சைரன், கூடவே மின்னும் விளக்கு. இதைக் கண்டால் கிளம்ப வேண்டும் என்று பழக்குங்கள். லைனுக்கு ஓர் ஒடியாக்காரரை வழிகாட்டியாக வையுங்கள். இரவு ஷிஃப்டிலும் ஒத்திகை நடத்துங்கள். இரண்டாவது ஒத்திகையில் முன்படிக்கட்டில் சிவப்புப் பலகையோடு ஒருவரை நிறுத்தி வழியை அடைத்துவிடுங்கள். எத்தனை பேர் பின்கதவைத் தேடிப் போகிறார்கள் என்று அப்போது தெரியும்.