பெயரில் ஒரு ழ

அன்புள்ள சார்,

எனக்குக் காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு கிராமம். ஓசூரில் ஒரு அச்சகத்தில் எட்டு வருஷம் டிசைனராக இருந்தேன். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் வேலையை விட்டுவிட்டு, இப்போது வீட்டிலிருந்தே ஃப்ரீலான்ஸாகச் செய்கிறேன். மாங்கூழ் டப்பாவுக்கு லேபிள், ஊறுகாய் பாக்கெட், பர்கூர் கிரானைட் கம்பெனிகளுக்குக் கேட்லாக் என்று வேலை வருகிறது. இதுவரை ஜிமெயிலிலேயே ஓட்டிவிட்டேன். போன மாதம் பெங்களூர் பார்ட்டி ஒருவர் "வெப்சைட் லிங்க் அனுப்புங்க" என்றதும்தான் விழித்துக்கொண்டேன்.

மூன்று மாதமாகப் பெயர் தேடுகிறேன். நோட்டில் நாற்பது பெயர் எழுதி அடித்து, தகடூர் கிராபிக்ஸ், நெல்லிக்கனி டிசைன்ஸ், மாங்கனி கிரியேட்டிவ்ஸ் என்று மூன்று மிஞ்சியிருக்கின்றன. சொந்தப் பெயரையே வைக்கலாம் என்றால் அதில் ஒரு ழ இருக்கிறது, பெங்களூர்க்காரர்கள் அதைப் படுத்தும் பாடு சொல்லி மாளாது. ஃபேக்டரிகளில் பாதிப் பேர் என்னை "லேபிள் அக்கா" என்றுதான் கூப்பிடுகிறார்கள், மரியாதையாக ஒரு பெயர் வேண்டும் என்று தோன்றியதற்கு அதுவும் ஒரு காரணம். எண் கணிதம் பார்க்கும் சித்தப்பா, எந்தப் பெயர் வைத்தாலும் ஆங்கிலத்தில் ஒரு எச் கூடுதலாகப் போட்டால்தான் கூட்டுத்தொகை சரியாக வரும் என்கிறார். டாட் காம் வாங்குவதா, டாட் இன் வாங்குவதா? தமிழிலேயே முகவரி வாங்கலாமா? என் பெயரை வெளியிட வேண்டாம்.

க.

அன்புள்ள க.,

மூன்று மாதம் அதிகம். மாங்கூழ் ஃபேக்டரிக்கு ஒரு சீசனே ஏறக்குறைய அவ்வளவுதான் ஓடும்.

நானும் இதே கூத்தை அடித்தவன். தர்மபுரியில் மொழிபெயர்ப்பும் டிடிபியுமாக ஒரு தொழில் தொடங்கியபோது, நிகண்டையும் சங்கப் பாட்டையும் புரட்டி, இரண்டு ழகரமும் ஒரு நெடிலும் வருகிற பெயர் ஒன்றைப் பிடித்தேன். காதுக்கு அவ்வளவு அழகு. போனில் சொன்னால் மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது, அப்புறம் "சார், ஸ்பெல்லிங்?" என்பார்கள். நான் எழுத்து எழுத்தாகச் சொல்வேன், அவர்கள் "இசட்டா, ஜியா?" என்பார்கள், "ஏ எத்தனை?" என்பார்கள். சேலத்தில் ஒரு பதிப்பகம் எனக்கு அனுப்பிய மின்னஞ்சலில் ஒரு ஏ குறைந்து போய், அது வந்து சேரவே இல்லை. பதில் வரவில்லையே என்று அந்த வேலையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். இரண்டு மாதம் கழித்து ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் சொல்லித்தான் எனக்கே தெரியும்.

அந்தப் பாயசத்தோடு எனக்கு விளங்கிய விஷயம், தொழில் பெயரை அதிகம் சொல்லப்போகிறவர் நாமில்லை என்பது. நம்மை இன்னொருவரிடம் சிபாரிசு செய்கிற ஆள்தான் சொல்லப்போகிறார். அவர் பைக் ஓட்டிக்கொண்டோ டீ குடித்துக்கொண்டோ சொல்வார், எழுதிக் காட்ட மாட்டார். அந்த நேரத்தில் வாயில் வராத பெயர் எவ்வளவு அழகாக இருந்து என்ன செய்ய?

இது உங்களுக்கு மாங்காயிலிருந்தே தெரிந்திருக்கும். நம் பக்கம் கூழுக்குப் போகிற அந்தக் காய்க்கு எத்தனை பெயர், பாருங்கள். மூக்கு வளைந்திருப்பதால் கிளிமூக்கு, மண்டியில் பெங்களூரா, டப்பாவில் தோத்தாபுரி. விளைவது கிருஷ்ணகிரியில், பெயரில் நிற்பது வேறு ஊர், ஆனால் இதற்காக எந்தத் தோட்டக்காரரும் சண்டைக்குப் போகவில்லை. வாங்குகிறவன் எப்படிக் கேட்கிறானோ அதைத்தானே லேபிளில் அடிக்கச் சொல்கிறார்கள்? உங்கள் கையாலேயே எத்தனை முறை அடித்திருப்பீர்கள்!

இனி உங்கள் பட்டியல். தகடூர் எனக்கும் பிடித்த பெயர், அதியமான் ஆண்ட ஊர், தர்மபுரிக்காரனுக்கு அதைச் சொல்லும்போது நெஞ்சு கொஞ்சம் நிமிரத்தான் செய்யும். ஆனால் ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள். முதல் எழுத்து வெறும் டி-யா, பக்கத்தில் எச் உண்டா. அடுத்து ஜி-யா கே-யா. 'டூ'வுக்கு டெல்லியின் டி-யா டாடாவின் டி-யா, அதன் பின்னால் யு-வா இரண்டு ஓ-வா என்று குழம்பி, நான் ஒரு தாளில் போட்டுப் பார்த்ததில் குறைந்தது 16 விதம் வந்தது. பதினாறையும் வாங்கிப் போடவா முடியும்? அதியமானை வைக்கலாம் என்று யாராவது சொன்னாலும் கேட்காதீர்கள். ஓசூர் பொறியியல் கல்லூரி 'மா'வுக்கு இரண்டு ஏ போடுகிறது, மற்றவர்கள் ஒன்று போடுகிறார்கள், எச்சை விட்டுவிட்டுத் தேடினால் கூகுள் நேராகத் துருக்கிக்குக் கூட்டிப்போகும். அங்கே அதியமான் என்று ஒரு மாகாணமே இருக்கிறது. ஔவைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

நெல்லிக்கனி இன்னும் அழகு. ஆனால் பெங்களூரில் தமிழ் தெரிந்தவர் தேடினால் தலைக்குத் தடவும் எண்ணெயும் ஜூஸும்தான் வரும், தமிழ் தெரியாதவர் எத்தனை எல், எத்தனை கே என்று கேட்டு உங்களைப் போனிலேயே நிறுத்தி வைப்பார். மாங்கனி வேண்டவே வேண்டாம். வருஷா வருஷம் கிருஷ்ணகிரியில் மாங்கனிக் கண்காட்சி நடக்கிற ஊரில் அந்தப் பெயரில் உங்களைத் தனியாகக் கண்டுபிடிப்பது வைக்கோல் போரில் ஊசி. அதோடு பர்கூர் கிரானைட்காரர் மாம்பழப் படம் போட்ட கார்டை வாங்கி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்ப்பார்.

டைட்டன் மாதிரி எங்குமில்லாத ஒரு சொல்லை உண்டாக்கினால் என்ன என்று கேட்பீர்கள். டாடா இண்டஸ்ட்ரீஸ், தமிழ்நாடு இரண்டையும் ஒட்டி ஓசூர் வாட்ச் கம்பெனிக்கு வைத்த பெயர் அது என்பார்கள். சரிதான், ஆனால் அந்தச் சொல்லை ஊர் வாயில் புகுத்த அவர்கள் விளம்பரத்துக்குக் கொட்டிய பணம் நம்மிடம் இல்லை.

சொந்தப் பெயர் நல்ல வழி. நாளைக்கு லேபிளை விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போனாலும் பெயர் கூடவே வரும். உங்கள் விஷயத்தில் அந்த ழ ஒன்றுதான் குறுக்கே நிற்கிறது. அந்த எழுத்தை நான் விட்டுக்கொடுக்கிறவன் இல்லை, ஆனாலும் மின்னஞ்சல் முகவரியில் அது வருவதை அனுபவித்தவன் என்ற முறையில் தயங்குகிறேன்.

இத்தனையும் எழுதிவிட்டு உங்கள் கடிதத்தைத் திரும்பப் படித்தேன். லேபிள் அக்கா. இதை நீங்கள் குறையாகச் சொல்லியிருக்கிறீர்கள், எனக்கோ அந்த நாற்பதையும் அடித்துவிட்டு இதை எழுதிக்கொள்ளுங்கள் என்று சொல்லத் தோன்றுகிறது. ஆட்கள் தாங்களாகவே வைத்த பெயர், அதில் தொழிலும் இருக்கிறது, ஆளும் இருக்கிறது. அக்கா என்றால் கன்னடக்காரருக்கும் தெலுங்குக்காரருக்கும் விளக்க வேண்டியதில்லை, ஓசூரில் இந்த மூன்று பாஷைக்காரர்கள்தானே உங்களுக்கு வாடிக்கை. ஆங்கிலத்தில் 9 எழுத்து. மரியாதைக் குறைவு என்று நினைத்தால், வாடிக்கையாளர்கள் மூன்று பேரிடம் உங்கள் நம்பரை எந்தப் பெயரில் சேமித்து வைத்திருக்கிறார்கள் என்று காட்டச் சொல்லிப் பாருங்கள். மூன்று பேரில் இரண்டு பேரிடம் இதுதான் இருந்தால் அப்புறம் யோசிக்க என்ன இருக்கிறது?

இதிலும் ஒரு சிக்கல் உண்டு, மறைக்க மாட்டேன். லேபிள் என்பதைக் கடைசி இரண்டு எழுத்தையும் மாற்றிப் போட்டு எழுதுகிறவர்கள் நம் ஊரில் ஏராளம், பில் புக்கிலேயே பார்த்திருப்பீர்கள். அந்தத் தப்பு ஸ்பெல்லிங்கையும் சேர்த்து வாங்கி, அதில் வருகிறவர்களைச் சரியான முகவரிக்குத் திருப்பிவிடுங்கள். பதினாறு வேண்டாம், இரண்டு போதும். கேட்லாக் வேலைக்கு இந்தப் பெயர் ஒட்டாதே என்றால், பில்லின் மேலே உங்கள் சொந்தப் பெயரைப் பெரிதாகப் போட்டு, கீழே இணைய முகவரியை வையுங்கள். கிரானைட்காரர் பார்க்கப்போவது படம் எப்படி வந்திருக்கிறது என்பதை.

லேபிள் அக்கா என்ற முகவரி காலியா என்று முதலில் பாருங்கள். டாட் காம் கிடைத்தால் அதையே எடுங்கள், கை தானாக அடிப்பது அதைத்தான். கிடைக்காவிட்டால் டாட் இன்னில் குறை ஒன்றுமில்லை, 2005 முதல் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது, நிக்ஸி என்கிற அமைப்பின் பொறுப்பில் நடக்கிறது. ஆனால் அதே பெயரின் டாட் காமில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஒரு தடவை திறந்து பார்த்துவிடுங்கள், பாதி வாடிக்கையாளர்கள் தவறிப்போய் அங்கே இறங்குவார்கள், அங்கே இன்னொரு டிசைனர் இருந்தால் பெயரையே மாற்றுவது நல்லது. நடுவில் கோடு போட்ட பெயர் வேண்டாம், அதைப் போனில் சொல்லிப் பாருங்கள், தெரியும்.

தமிழ் எழுத்திலேயே, டாட் இந்தியா என்ற முடிவோடு வாங்க முடியும். எனக்கு ஆசைதான். ஆனால் உள்ளே கணினி அதை எக்ஸ், என் என்று தொடங்குகிற ஆங்கில எழுத்துக் கோவையாக மாற்றிக்கொள்கிறது, சில இடங்களில் ஒட்டும்போது அந்தக் கோவையே வெளியே தலைகாட்டி, பார்க்கிறவருக்கு வைரஸ் லிங்க் மாதிரி தெரியும். மின்னஞ்சலுக்கு அதை நம்பியிருக்கவே முடியாது. பிறகு ஒரு நாள் ஆசைக்கு வாங்கிக்கொள்ளலாம்.

இப்போது சொல்வதைக் கவனமாகப் படியுங்கள், பெயரைவிட இதில்தான் ஆட்கள் விழுகிறார்கள். என் வெப்சைட்டைச் செய்து கொடுத்தவர் டொமைனை, அதாவது அந்த இணைய முகவரியை, தன் கணக்கில், தன் மின்னஞ்சலில் வாங்கியிருந்தார். நான் கேட்கவும் இல்லை, அவர் சொல்லவும் இல்லை. சில வருஷத்தில் அவர் வேறு வேலைக்குப் போய்விட்டார், புதுப்பிக்கச் சொல்லி வந்த மெயில்களெல்லாம் அவருடைய பழைய பெட்டிக்குப் போய்ச் சேர்ந்தன. டாட் காம் காலாவதியானால் கொஞ்ச நாள் வழக்கமான கட்டணத்தில் மீட்கலாம், அதன் பிறகு 30 நாள் அபராதம் மாதிரி ஒரு பெரிய தொகை கட்டி மீட்கலாம், அதற்கும் பிறகு 5 நாளில் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்றாகிவிடும். எனக்கு விஷயம் தெரிந்தபோது அந்த 5 நாளும் முடிந்திருந்தது. இரண்டு ழகரமுள்ள அந்தப் பெயரில் இப்போது ஆன்லைன் சூதாட்டப் பக்கம் ஒன்று ஓடுகிறது, அதனால்தான் பெயரை இங்கே எழுதவில்லை.

ஆக, யார் செய்து கொடுத்தாலும் டொமைன் உங்கள் பெயரில், உங்கள் போன் நம்பரில், உங்கள் ஜிமெயிலில் இருக்கட்டும். ஜிமெயில் என்று வேண்டுமென்றேதான் சொல்கிறேன். அந்த டொமைனிலேயே உருவாக்கிய மின்னஞ்சலைக் கொடுத்தால், டொமைன் நின்றுபோகும் அன்று எச்சரிக்கை வருகிற பெட்டியும் சேர்ந்து நின்றுபோகும். முதல் வருஷ விலையைப் பார்த்து மயங்காதீர்கள், புதுப்பிக்கும் விலை என்ன என்று பார்த்து, அதோடு 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். ஒரே தடவையில் 10 வருஷம் வரை கட்டலாம், மூன்று வருஷம் கட்டினால் போதும் என்பது என் எண்ணம்.

டிரேட்மார்க் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் அரசின் தளத்தில் இலவசமாகத் தேடிப் பார்க்கலாம். எழுத்து வேறாக இருந்தும் ஒலி ஒன்றாக இருக்கும் பெயர்களைத் தேடவும் அதில் வசதி உண்டு, தொழில்களை அங்கே வகுப்பு வகுப்பாகப் பிரித்திருக்கிறார்கள், டிசைன் வேலை 42-ஆம் வகுப்பில் வரும். தனிநபர் ஆன்லைனில் விண்ணப்பித்தால் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய். முதல் வருஷத்தில் அவசரமில்லை, வேறு யாரும் வைத்திருக்கவில்லை என்று பார்த்துக்கொண்டால் போதும். சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு இலவசம், அதைச் செய்துகொள்ளுங்கள். அந்தத் தொழில் பெயரில் வங்கிக் கணக்குத் திறக்கிற வரைக்கும் காசோலையை உங்கள் சொந்தப் பெயரில் எழுதச் சொல்லுங்கள். எனக்கு முதன்முதலாக வந்த காசோலை கடைப் பெயரில் வந்து, வங்கியில் திருப்பிக் கொடுத்து, அதை மாற்றி வாங்க நான் கிருஷ்ணகிரிக்கு மூன்று தடவை பஸ் ஏறினேன்.

சித்தப்பா விஷயம். அந்தக் கூடுதல் எச்சைப் போட்டால் ஒவ்வொரு போனிலும் "நடுவில் ஒரு எச் அதிகமாக வரும் சார்" என்று ஆயுசு முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். அதை அவரிடம் சொன்னால் மனசு கஷ்டப்படும். எழுத்தை விட்டுவிட்டு வாங்குகிற நாளையும் நேரத்தையும் மட்டும் குறித்துக் கொடுக்கச் சொல்லுங்கள். டொமைன் கடை ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் திறந்துதான் இருக்கும், ராகு காலம் கழித்து வாங்கினால் நஷ்டம் ஒன்றுமில்லை. அதிகமாகத் தள்ளிப்போடாத நாளாகக் குறிக்கச் சொல்லுங்கள், அது போதும்.