சமையலறை விழுந்த கதை

அன்புள்ள ஐயா,

வேலை விஷயமாக வட அயர்லாந்தில் பெல்ஃபாஸ்ட் வந்திருக்கிறேன். போன வாரம் டன்லூஸ் கோட்டையைப் பார்த்தேன். கடலோரப் பாறைமேல் மொட்டைச் சுவர்கள். 1639இல் ஒரு புயல் இரவில் சமையலறை அப்படியே கடலில் விழுந்ததாம். மூலையில் இருந்த எடுபிடிப் பையன் மட்டும் பிழைத்தானாம். கேட்டதும் உடம்பு சிலிர்த்தது. இந்தக் கோட்டை நியாயமாக யாருக்குச் சொந்தம், கட்டிய மக்குவிலன் குலத்துக்கா, பறித்த மக்டானல் குலத்துக்கா? இடிந்த சுவரைக்கூட இவர்கள் காப்பாற்றுகிறார்கள். நமக்கு ஏன் இந்த வரலாற்று உணர்வு இல்லை?

ர.

அன்புள்ள ர.,

கடைசிக் கேள்வியை முதலில் தள்ளிவிடுகிறேன். விமானம் ஏறி இரண்டு வாரத்தில் ‘நமக்கு ஏன் இல்லை’ என்று கேட்கும் கடிதம் மாதம் நாலு வருகிறது. அலுத்துவிட்டது.

யாருக்குச் சொந்தம் என்பதிலும் பெரிதாக ஒன்றும் இல்லை. மக்குவிலன்கள் வாளால் ஆண்ட கரை அது. 1550களில் ஸ்காட்லாந்து வம்சாவளி மக்டானல்கள் வாளாலேயே அதைப் பிடித்தார்கள். 1584இல் ஆங்கிலேய அரசின் அயர்லாந்துப் பிரதிநிதி ஜான் பெரட் படையோடு வந்து பிடுங்கினார். அடுத்த வருடமே மக்டானல்களின் தலைவர் சோர்லி பாயின் ஆட்கள் கூடையில் உட்கார்ந்து பாறை உச்சிக்கு இழுக்கப்பட்டு உள்ளே புகுந்தார்களாம். சரி, போகட்டும்.

என்னை எழுத உட்கார வைத்தது உங்கள் சிலிர்ப்புதான். அந்தச் சமையலறை விழவே இல்லை, ஐயா! இன்னும் அங்கேதான் இருக்கிறது. அடுப்பும் வாசலும் தெரிகின்றன. நீங்கள் அதைத் தாண்டித்தான் போயிருப்பீர்கள். கடலில் விழுந்தது குடியிருப்பின் வடக்குச் சுவர், அதுவும் பதினெட்டாம் நூற்றாண்டில். கண்முன்னே அடுப்பு இருக்க, அது விழுந்த கதையைக் கேட்டுச் சிலிர்த்துவிட்டு வந்திருக்கிறீர்கள். கதை கேட்பது தப்பில்லை, கண்ணை மூடிக்கொண்டு கேட்பதுதான் தப்பு.

பாவம், அந்தக் கடல்மேல் இப்படி ஒரு பழி. பார்க்கப்போனால் அது மக்டானல்களுக்குக் கொடுத்ததுதான் அதிகம். 1588இல் ஸ்பானியக் கப்பல் கிரோனா அந்தக் கரையில் மோதி, ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். அதன் பீரங்கிகள் டன்லூஸ் வாசலில் ஏறின. மற்ற சரக்கை விற்ற காசில் கோட்டை புதுப்பிக்கப்பட்டது.

குடும்பத்தைச் சாய்த்தது கடனும் கலகமும். சோர்லி பாயின் மகன் ராண்டல் 1608இல் கோட்டையை ஒட்டி ஒரு ஊரே உண்டாக்கினார். 1620இல் ஆன்ட்ரிம் பிரபு ஆனார். அவருடைய மகன், பக்கிங்ஹாம் கோமகனின் விதவை கேத்தரின் மேனர்ஸைக் கட்டிக்கொண்டு, பெரிய இடத்துச் சம்பந்தத்துக்கு ஏற்றபடி செலவழித்துக் கழுத்துவரை கடனில் மூழ்கினார். 1641இல் அயர்லாந்துக் கத்தோலிக்கர்கள் செய்த கலகத்தில் ஊர் எரிந்து அழிந்தது. ஆங்கில அரியணைக்காக அயர்லாந்தில் நடந்த 1690 பாய்ன் போருக்குப் பிறகு கோட்டையைப் பராமரிக்கவும் வக்கில்லை. சுற்றுப்பட்டில் வீடு கட்டியவர்கள் அங்கிருந்து கல்லைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். எரிந்த ஊரின் கல் பாவிய தெரு பக்கத்து வயலில் மண்ணுக்கடியில் கிடந்து, அகழ்வாய்வில் வெளியே வந்தது. கடிதத்தில் அதைப்பற்றி ஒரு வரி இல்லை.

எங்கள் வீட்டிலும் ஒரு சமையலறை விழுந்தது. ‘அடைமழையில அடுக்களைச் சுவரு விழுந்துருச்சு, அதான் ஊரை விட்டு வந்தோம்’ என்று பாட்டி சொல்லிக் கேட்டுத்தான் வளர்ந்தேன். ஒவ்வொரு தடவையும் மழை ஒரு நாள் கூடும். அவள் போனபின் டிரங்குப் பெட்டியில் ஒத்திப் பத்திரம் கிடைத்தது. கீழே தாத்தாவின் கோணல் கையெழுத்து, தேதி நல்ல கோடை. அப்புறம் ஒருநாள் ஊருக்குப் போய் அந்த வீட்டைப் பார்த்தேன். அடுக்களை நின்றுகொண்டிருந்தது. கரி ஏறிய சுவர், அம்மி கிடந்த இடத்தில் தரை மட்டும் வழவழவென்று.

அங்கே இருந்தவர்களிடம் மழையைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை. பாட்டி பொய் சொன்னாள் என்றும் எனக்குத் தோன்றவில்லை. கடன்காரனிடம் வீட்டை விட்டதைப் பேரப்பிள்ளையிடம் எப்படிச் சொல்வாள்? மழை என்றால் யாரும் மறுகேள்வி கேட்பதில்லை. டன்லூஸிலும் யாரோ ஒரு கிழவி இப்படித்தான் தொடங்கியிருப்பாள் என்று நினைத்துக்கொள்கிறேன்.

உங்களைக் கொஞ்சம் அதிகமாகவே திட்டிவிட்டேன், மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். குளிருக்கு நல்ல சட்டையாக வாங்கிக்கொள்ளுங்கள். மறுபடி அந்தப் பக்கம் போனால் அடுப்பை ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். கடல் வேண்டாம், அது என்னிடம் நிறைய இருக்கிறது.