கேட்பதே இல்லை என்றீர்களே

கேள்வி: எனக்கு வயது 44. பழைய டைரக்ட் டிரைவ் டர்ன்டேபிள் (பெல்ட் இல்லாமல் மோட்டாரே நேராகத் தட்டைச் சுற்றும் ரெக்கார்ட் பிளேயர்) என்றால் பைத்தியம். அப்பா 1981-இல் வாங்கிய டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2-வில் வேகம் தடுமாறியது. சரிசெய்து தருகிறேன் என்று இரண்டு வருடத்துக்கு முன்பு என் வீட்டுக்கு எடுத்து வந்தேன். உதிரிபாகத்துக்காகப் பழுதான இன்னொரு எம்கே2 வாங்கினேன், அப்புறம் ஆசைப்பட்டு ஒரு டெனான் டிபி-3000. இப்போது டெக்னிக்ஸ் எஸ்பி-10 எம்கே2 ஒன்று விலைக்கு வருகிறது. மற்ற மூன்றையும் விற்றுவிட்டு அதை வாங்கலாமா? முதலீடு என்று பார்த்தால் இது சரியா? மனைவி சத்தம் போடுகிறாள். அப்பா இப்போதெல்லாம் கேட்பதே இல்லை, அவர் பக்கம் பிரச்சினை இல்லை.

பதில்: தம்பி, "மற்ற மூன்றையும்" என்று எழுதியிருக்கிறீர்கள். எண்ணிப் பார்த்தேன். உதிரிபாகத்துக்கு வாங்கியது ஒன்று, டெனான் ஒன்று. மூன்றாவது யாருடையது?

சரி, அதை விடுங்கள். அப்பா கேட்பதே இல்லை என்று போகிற போக்கில் எழுதிய கடைசி வரிக்கு வருகிறேன். ரிப்பேர் என்ன ஆச்சு என்று உங்களைக் கேட்பதில்லை என்கிறீர்கள், புரிகிறது. ஆனால் அந்த மனிதர் இரண்டு வருடமாகப் பாட்டும் கேட்கவில்லையே, அது உங்களுக்கு உறைக்கவில்லையா? நாற்பது வருடம் இசைத்தட்டு போட்டுக் கேட்டவர் வீட்டில் இசைத்தட்டெல்லாம் இருக்கிறது, அதைச் சுற்ற வைக்க ஒன்றும் இல்லை. முதல் மாதம் கேட்டிருப்பார். ஆறாம் மாதம் வேறு ஏதோ பேசுகிற மாதிரி ஆரம்பித்து அதில் கொண்டுவந்து முடித்திருப்பார், நீங்களும் "பாகம் கிடைக்கலப்பா" என்றிருப்பீர்கள், அதற்கு மேல் பெற்ற பிள்ளையிடம் போய்க் கெஞ்சுவதா என்று வாயை மூடிக்கொண்டார். பெரியவர்கள் வாயை மூடினால் விஷயம் தீர்ந்தது என்று நினைக்கும் பிள்ளைகளின் கடிதங்கள் எனக்கு நிறைய வருகின்றன. ஒன்றில் பழைய கேமரா, ஒன்றில் அம்மாவின் தையல் மெஷின். யாருக்கும் நான் நல்ல வார்த்தை சொன்னதில்லை.

அந்தப் பாகம் கதையும் எனக்குச் செல்லாது. உங்கள் அப்பாவிடம் இருந்தது 1979-இல் வந்த மாடல், அந்த வரிசை 2010 வரை தயாரிப்பில் இருந்தது. பழைய டைரக்ட் டிரைவ்களிலேயே சரிசெய்ய ஆளும் பொருளும் சுலபமாகக் கிடைப்பது அதற்குத்தான். வேகம் தடுமாறினால் முதலில் பார்க்க வேண்டியது வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் பிட்ச் ஸ்லைடர். உள்ளே தூசி சேர்ந்தாலே, வேகம் சரியாக இருந்தால் ஸ்ட்ரோப் விளக்கொளியில் நிற்பது போலத் தெரிய வேண்டிய, சுழலும் தட்டின் விளிம்பில் உள்ள புள்ளிகள் ஒரு இடத்தில் நிற்காமல் ஓடும், காண்டாக்ட் கிளீனர் அடித்துப் பத்துத் தடவை மேலும் கீழும் தள்ளினால் பல நேரம் சரியாகிவிடும். அதில் போகவில்லையா, காய்ந்துபோன கெப்பாசிட்டர்களை மாற்றி, விரிசல் விட்ட சால்டரை மறுபடி வைக்க வேண்டும். கை தேர்ந்தவருக்கு ஒரு நாள் வேலை. நீங்களே திறப்பதானால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, அந்தச் சுழல்தட்டை நேராக மேலே தூக்குங்கள். அடியில் ஒட்டியிருப்பது மோட்டாரின் காந்தம், பக்கத்தில் கிடக்கும் திருகாணி எல்லாம் அதில் போய் ஒட்டிக்கொள்ளும்.

இரண்டு வருடம் எடுக்கும் வேலையா இது?

இனி முதலீடு. மனைவியைச் சமாளிக்கக் கணவன்மார் கண்டுபிடித்த சொல் அது. டெக்னிக்ஸ் 1970-இல் முதல் எஸ்பி-10-ஐ விற்பனைக்குக் கொண்டுவந்தபோது அதன் பெருமையே நடுவில் பெல்ட் இல்லை, மோட்டாரின் அச்சிலேயே தட்டு உட்கார்ந்திருக்கிறது என்பதுதான். இற்றுப்போக ரப்பர் இல்லை, தாங்கிக்கு (பேரிங்) எப்போதாவது சில சொட்டு எண்ணெய், அவ்வளவுதான், நாற்பது வருடம் ஓடும். நீங்கள் கண் வைத்திருக்கும் எம்கே2 கால் நொடியில் முழு வேகத்தைப் பிடித்துவிடும், ஆசை வருவது நியாயம்தான். ஆனால் இவற்றுக்கு மோட்டாரால் சாவு வருவது அபூர்வம், சர்க்யூட் போர்டால்தான் வரும். வேகத்தைக் கட்டுப்படுத்தும் பழைய ஐசி சிப்புகள் பலவற்றை இப்போது யாரும் செய்வதில்லை, ஒன்று போனால் செத்த இன்னொரு மெஷினிலிருந்துதான் பிடுங்க வேண்டும். உங்கள் டெனான், தட்டின் உள்விளிம்பில் பதித்த காந்தத் துடிப்புகளை கேசட் பிளேயரின் டேப் ஹெட் மாதிரி ஒன்றால் படித்து வேகம் பிடிக்கிறது. அந்தப் பூச்சு கெட்டால் என்ன செய்வீர்கள்? எஸ்பி-10 எம்கே2-வுக்குப் பவர் சப்ளையே தனிப் பெட்டி, அப்புறம் அடிப்பெட்டி, ஊசியைத் தாங்கும் கையான டோன் ஆர்ம் எல்லாம் தனித்தனியாக வாங்க வேண்டும். ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்குப் போன பிரதி என்றால் 100 வோல்ட், யோசிக்காமல் 230-இல் செருகினால் கதை முடிந்தது. விற்பவர் தட்டைக் கழற்றித் தனியாகப் பொட்டலம் கட்டாமல் அனுப்பினால் வழியிலேயே அச்சும் தாங்கியும் அடிபடும். விலை ஏறலாம், ஆனால் ஓடாத மெஷினுக்கு அந்த விலையை எவனும் தர மாட்டான். உங்களிடம் வந்த எதுவும் ஓடுகிற மாதிரி தெரியவில்லை.

மனைவி சத்தம் போடுவது பணத்துக்காக மட்டும் இருக்காது. மாமனாரின் பொருள் மூலையில் பிரித்துக் கிடப்பதை அவர் தினமும் பார்க்கிறார்.

ரிப்பேருக்கென்று அப்பாவிடமிருந்து எடுத்து வந்த பொருளை விற்பது திருட்டு. அப்பா மகன் என்பதால் அதற்கு வேறு பெயர் வந்துவிடாது. உதிரிபாகத்துக்கு வாங்கியதிலிருந்து வேண்டியதை எடுங்கள், அப்பாவுடையதை ஓட வையுங்கள், புது ஊசி ஒன்று போடுங்கள், பழைய ஊசி அவர் இசைத்தட்டுகளைக் கீறிவிடும். நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள், கூரியரில் வேண்டாம். மட்டம் பார்த்து வைத்து, டோன் ஆர்ம் எடையைச் சரிசெய்துவிட்டு, எந்தத் தட்டை முதலில் போடட்டும் என்று அவரைக் கேளுங்கள், இரண்டு பக்கமும் முடியும் வரை எழுந்து வராதீர்கள்.

எஸ்பி-10 பற்றி அதற்கப்புறம் எழுதுங்கள்.