கணக்கு டீச்சர் பதில்கள்: இருபதில் எண்ணும் பிள்ளைகள்

கேள்வி: அலாஸ்காவில் பள்ளிப் பிள்ளைகளே சேர்ந்து புது எண்களை உருவாக்கினார்களாமே, என் மகன் சொல்கிறான். நிஜமா? பரீட்சையில் எழுத முடியாத எண்களால் என்ன பிரயோஜனம்?
– வாசகி ஒருவர், தருமபுரி

பதில்: உங்கள் மகன் சொல்வது நிஜம்தான். அலாஸ்காவின் வடகோடியில், பியூஃபோர்ட் கடலோரத்தில் காக்டோவிக் என்று ஒரு சின்ன ஊர். அங்குள்ள இனுப்பியாட் மக்கள் இருபது இருபதாக எண்ணுகிறவர்கள். அந்த இருபதுக்குள் ஐந்தைந்தாகப் பிரிப்பார்கள். பள்ளியிலோ எல்லாம் பத்தின் கணக்கு. 1994-ல் அந்த ஊர்ப் பிள்ளைகள், எங்கள் மொழியில் எண்ணுகிறபடி இந்த இலக்கங்களில் எழுத வரவில்லையே என்றார்கள். ஆசிரியர் வில்லியம் பார்ட்லி அதட்டி உட்கார வைக்கவில்லை. சரி, நீங்களே இலக்கம் உண்டாக்குங்கள் என்று விட்டார். (நம்மில் எத்தனை பேர் விடுவோம்?)

ஒன்றுக்கு ஒரு கோடு. அதிலிருந்து கையை எடுக்காமல் மேலும் கீழுமாக இழுத்தால் இரண்டு, மூன்று, நான்கு. ஐந்துக்குத் தலையில் ஒரு படுக்கைக் கோடு. ஆறு என்றால் மேலே ஒன்று, கீழே ஒன்று. ஏழு என்றால் மேலே ஒன்று, கீழே இரண்டு. இரண்டையும் கூட்டிப் பாருங்கள்: மேலே இரண்டு, கீழே மூன்று. பதின்மூன்று! மனப்பாடமே வேண்டாம், கோடுகளைச் சேர்த்தால் போதும். நாம் எழுதும் 6, 7 என்ற வடிவங்கள் இப்படி எதையாவது காட்டிக்கொடுக்கின்றனவா? பத்தொன்பது வரை இப்படிப் போய், இருபதுக்கு அடுத்த இடத்தில் ஒன்று, பக்கத்தில் பூஜ்யம். பூஜ்யத்துக்கும் அவர்களே குறி உண்டாக்கினார்கள். மேலே மூன்று மணி, கீழே நான்கு மணி என்று மணிச்சட்டம்கூடச் செய்தார்கள்.

பரீட்சை விஷயம். இந்த இலக்கங்கள் வருவதற்கு முன், கலிஃபோர்னியா அடைவுத் தேர்வின் கணிதத்தில் அந்தப் பள்ளியின் நடுநிலை வகுப்புகளுக்குச் சராசரியாக 20-வது சதமானம்தான், அதாவது எழுதிய நூறு பேரில் சுமார் எண்பது பேர் இவர்களுக்கு மேலே. 1997-ல் தேசிய சராசரியைத் தாண்டினார்கள். மிகச் சின்னப் பள்ளி என்பதால், முழுப் பெருமையையும் கோடுகளுக்கே கொடுக்க நான் தயங்குவேன். ஆனால் இடமதிப்பைத் தானே கட்டிப் பார்த்த பிள்ளைக்குப் பத்தின் கணக்கும் விளங்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. 2022-ல் இந்த இலக்கங்கள், கணினிகளுக்கான பொது எழுத்துப் பட்டியலான யூனிகோடிலும் ஏறிவிட்டன.

கேள்வி: மலைக்கிராமப் பள்ளியில் வேலை பார்க்கிறேன். கணக்குகளில் ஆப்பிளுக்குப் பதில் தேன், சாமை என்று மாற்றினால் போதுமா?
– ஆசிரியை ஒருவர், சேலம்

பதில்: போதாது டீச்சர். பொருளின் பெயர்தான் மாறுகிறது, கணக்கு அப்படியேதான் இருக்கிறது. அலாஸ்காவிலேயே தென்மேற்கில் யூபிக் மக்கள் உண்டு. அவர்களின் பெரியவர்களோடு உட்கார்ந்து, ஃபேர்பேங்க்ஸ் பல்கலைக்கழகத்தின் ஜெர்ரி லிப்கா குழுவினர் தொடக்கப் பள்ளிகளுக்குப் பாடம் எழுதினார்கள். ஒன்று, சால்மன் மீன் உலர்த்தும் பந்தல் போடுவது. அதன் அடித்தளம் சரியான செவ்வகம்தானா என்று எப்படித் தெரியும்? எதிரெதிர்ப் பக்கங்கள் சமமாக இருந்தால் மட்டும் போதாது, சாய்ந்து கிடக்கலாம். மூலைக்கு மூலை கயிறு பிடித்து, இரண்டு மூலைவிட்டமும் சமமா என்று பார்க்க வேண்டும். ஏன் என்று பிள்ளைகளையே நிரூபிக்கச் சொல்கிறது பாடம். அப்புறம், அதே சுற்றளவில் அதிக மீன் காய எந்த நீள அகலம் வசதி என்று பரப்பளவுக்குப் போகிறது.

உங்கள் பிள்ளைகளின் வீடுகளில் சாமையை எதில் அளக்கிறார்கள், குடிசைக்கு மூலை எப்படிப் பிடிக்கிறார்கள்? பெரியவர்களிடம் விசாரித்து எழுதுங்கள், அடுத்த இதழில் அதிலிருந்தே பாடம் போட்டுப் பார்ப்போம்.