தில்லிக் குளிரும் மாடிக் கோழிகளும்

தம்பி, திண்டுக்கல்லிலிருந்து மாற்றலாகித் தில்லி துவாரகாவுக்கு வந்திருப்பதாகவும், மொட்டைமாடியில் ஐந்து நாட்டுக்கோழிகள் இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். குளிருக்குக் கூண்டைத் தார்ப்பாயால் இறுகச் சுற்றி, உள்ளே அங்கீட்டி (கரியடுப்பு) வைக்கலாமா என்பது உங்கள் கேள்வி. வாடகையைப் பற்றி உங்கள் அலுவலகத்தாரே சொல்லிவிடுவார்கள். இந்தி காய்கறிக் கடையில் தானாக வந்துவிடும். நான் கோழிகளுக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

இரண்டையும் செய்யாதீர்கள். வளர்ந்த கோழியின் உடல்வெப்பம் ஏறத்தாழ 41 டிகிரி. சனவரி இரவுகளில் இங்கே 3, 4 டிகிரிக்கு இறங்கினாலும், 2021 புத்தாண்டன்று தில்லியின் சப்தர்ஜங் வானிலை நிலையத்தில் பதிவானதுபோல 1.1 டிகிரியே ஆனாலும், இறகு காய்ந்திருந்தால் அதை உப்பிக்கொண்டு தாங்கிவிடும். தாங்காதது ஈரமும் நேரே அடிக்கும் காற்றும்தான். இறுக மூடிய கூண்டில் மூச்சின் ஈரமும் எச்சத்திலிருந்து கிளம்பும் அம்மோனியாவும் வெளியேற வழியின்றித் தங்கி, கண்ணில் நீர் வடிந்து, சளி கட்டி, கோழிகள் ஒவ்வொன்றாகச் சுருண்டுவிடும். அங்கீட்டியின் புகையற்ற நச்சுக்காற்று மூடிய அறைகளில் மனிதர்களையே கொல்கிறது என்பதைக் குளிர்காலந்தோறும் இந்நகரச் செய்தித்தாள்களில் படிப்பீர்கள்.

நான் முதலில் தங்கியது தில்லி முனிர்க்காவில் ஒரு பர்சாத்தியில், அதாவது மொட்டைமாடி அறையில். அறைத்தோழர்கள், எல்லாரும் நம்மவர்களே, அக்டோபரிலேயே குரங்குக் குல்லாய் மாட்டிக்கொண்டு, ரோஷன்தானை, அதாவது சுவரின் மேலே உள்ள காற்றுத்திறப்பை, செய்தித்தாளால் அடைத்துவிட்டு, சுவர் பூசணம் பிடித்ததற்குத் தில்லியைத் திட்டினார்கள். கீழே எருமை வளர்த்த வீட்டுக்கார அம்மாளோ மாட்டுக்குச் சாக்கு போர்த்தி, குளிர்காற்று அடிக்கும் வடமேற்குப் பக்கத்தை மட்டும் மறைத்து, கொட்டிலின் மேற்புறத்தைத் திறந்தே வைத்திருந்தார். இந்த ஊரில் வாழ நான் கற்றதில் பாதி அந்தக் கொட்டிலைப் பார்த்துக் கற்றதுதான். முப்பது ஆண்டு இருந்தும் ஊரைக் குறைசொல்லும் நம் சங்கத்துப் பெரியவர்களிடம் கற்றது மிகக் குறைவு.

ஆகவே வடமேற்குப் பக்கம் மட்டும் தார்ப்பாய் போதும். கோழிகள் அமரும் கட்டைக்கு மேலே, கூரையை ஒட்டி, எதிரெதிராக ஒரு சாண் திறப்பு விடுங்கள். விடியலில் உட்கூரையைத் தடவும்போது கை நனைந்தால் திறப்பு போதவில்லை என்று பொருள். தரையில் அரையடி உமி பரப்பிக் கிளறிவிட்டு, நனைந்ததை மட்டும் அள்ளி வெளியே போடுங்கள். மிச்சமான இரும்புக் குழாயைக் கட்டையாக வைப்பது நம்மவர் வழக்கம்; வேண்டாம். மூன்று, நான்கு அங்குல அகலமுள்ள தட்டையான மரமென்றால் வயிற்று இறகு விரல்களை மூடிக்கொள்ளும். மாலையில் ஒரு பிடி மக்காச்சோளம் கூடுதலாகக் கொடுங்கள். அது செரிக்கும்போது உண்டாகும் வெப்பம் இரவுக்கு உதவும்.

டிசம்பரில் முட்டை குறைவதற்குப் பகல் பத்தரை மணிநேரத்துக்கும் குறைவாகச் சுருங்குவதே முதற்காரணம். குளிரின் பங்கு குறைவு. குஞ்சுகள் மட்டும் வேறு கணக்கு: முதல் வாரம் 35 டிகிரி வேண்டும், பிறகு வாரத்துக்கு மூன்று டிகிரி குறைக்கலாம். எனவே பிப்ரவரி கழியும்வரை அடைவைக்காதீர்கள்.

மேல்திறப்புகளுக்கு அரையங்குலக் கண்ணுள்ள கம்பிவலையை ஆணியடித்து இறுக்குங்கள். கடைக்காரர் கோழிவலை என்று கொடுக்கும் பெரிய கண் வலையில் எலி தாராளமாக நுழையும்.